முழங்கால் தேய்மானம்: எந்தப் பயிற்சி, எத்தனை தடவை, எங்கே தவறிப்போகிறது

கேள்வி இது: அம்மாவுக்கு 62 வயது, எடை 70 கிலோ. இரண்டு வருடமாக முழங்கால் வலி, வலது பக்கம் கூடுதல். எக்ஸ்ரேயில் "கிரேடு 3 தேய்மானம்" என்று வந்திருக்கிறது. மருத்துவர் நடக்கச் சொல்கிறார்; சொந்தக்காரர்கள் நடந்தால் இன்னும் தேய்ந்துவிடும் என்கிறார்கள். பிசியோதெரபிக்குப் போய்ப் பத்து நாள் கரண்ட் வைத்து, மெழுகு ஒத்தடம் கொடுத்தார்கள். நன்றாக இருந்தது, மூன்றாவது வாரம் வலி திரும்பிவிட்டது. பிசியோதெரபியால் உண்மையில் பலன் உண்டா, இல்லை ஆபரேஷன்தான் வழியா?

பலன் உண்டு. ஆனால் அந்தப் பத்து நாளில் அம்மாவுக்குக் கிடைத்தது பிசியோதெரபியின் ஓரப்பகுதிதான். கரண்ட், அல்ட்ராசவுண்ட், மெழுகு எல்லாம் வலியைச் சில மணி நேரமோ சில நாளோ அமுக்கி வைக்கும். தொடைத் தசையில் அவற்றால் துளி பலம் கூடுவதில்லை. சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டி, கரண்ட் வகைச் சிகிச்சைகளைப் போதிய ஆதாரம் இல்லை என்று ஒதுக்கிவிட்டு, எல்லா நோயாளிகளுக்கும் முதலில் கொடுக்க வேண்டியது அவரவருக்கு ஏற்ற உடற்பயிற்சி என்கிறது. வயது, கூடவே இருக்கும் சர்க்கரை, பிரஷர் எதுவும் அதற்குத் தடை இல்லை. ஆகவே அம்மாவுக்குச் சிகிச்சை தோற்றுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். முக்கியமான பாதி இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

"தேய்மானம்" என்ற சொல்லே பாதிக் கெடுதலைச் செய்கிறது. டயர் தேய்வதுபோல ஓட ஓட மூட்டு தேயும், ஓட்டாமல் வைத்தால் மிஞ்சும் என்று நினைக்க வைக்கிறது. முழங்கால் அப்படி வேலை செய்வதில்லை. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. அதற்குச் சாப்பாடு மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீரிலிருந்துதான் போகிறது. காலில் எடை விழும்போது குருத்தெலும்பு அமுங்கிப் பழைய நீரை வெளியே தள்ளுகிறது. எடை விலகும்போது புதிய நீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஸ்பாஞ்சைப் பிழிந்து விடுவதுபோல. நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும் முழங்காலுக்கு இந்தப் பிழிதல் இல்லை, ஊட்டமும் குறைவு. அளவான நடையால் குருத்தெலும்பு தேய்வதில்லை. நீண்ட ஓய்வில்தான் அது மெலிகிறது.

எக்ஸ்ரே பற்றியும் ஒரு வார்த்தை. 0 முதல் 4 வரை போகும் இந்த கிரேடு, கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1957-ல் வகுத்தது. எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, ஓரத்தில் முளைத்த எலும்பு முள் ஆகியவற்றைப் பார்த்துப் போடும் எண் அது. வலிக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பு தளர்வானது. கிரேடு 3 வைத்துக்கொண்டு வயல் வேலை செய்பவர் உண்டு, கிரேடு 1-இல் மாடிப்படி ஏற முடியாதவரும் உண்டு. எக்ஸ்ரே நின்றுகொண்டு எடுத்ததா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். படுத்தபடி எடுத்தால் எடை விழாததால் இடைவெளி நிஜத்தைவிட அகலமாகத் தெரியும். அதேபோல, மடக்கும்போது கேட்கும் கரகர சத்தத்தை, வலியோ வீக்கமோ கூட இல்லாவிட்டால், சட்டை செய்ய வேண்டாம்.

அப்படியானால் வலியைக் கூட்டுவது எது? பெரும்பாலும் முன்தொடைத் தசையின் பலவீனம். காலைத் தரையில் வைக்கும் நொடியில் அதிர்ச்சியை முதலில் வாங்க வேண்டியது அந்தத் தசை. அது வாங்கத் தவறினால் நேராக மூட்டு வாங்குகிறது. முட்டிக்குள் கொஞ்சம் நீர் சேர்ந்தாலே போதும், தண்டுவடத்தின் அனிச்சை அந்தத் தசைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடும். தசை இருந்தும் முழுதாக இழுக்காது. படியில் இறங்கும்போது "கால் வாரிவிடுது" என்று அம்மா சொன்னால் பெரும்பாலும் காரணம் இதுதான். வலியால் நடை குறையும், நடை குறைந்தால் தசை வற்றும், தசை வற்றினால் அதே படி இன்னும் வலிக்கும். இந்தச் சுழலை மாத்திரையோ கரண்டோ வெட்டாது, தசை பலம் வெட்டும்.

முதலில் அளந்து பாருங்கள்

பயிற்சி ஆரம்பிப்பதற்கு முன் இரண்டு அளவுகளை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கைப்பிடி இல்லாத, சுமார் 43 செ.மீ. உயரமுள்ள நாற்காலியைச் சுவரில் சாய்த்து வையுங்கள். அம்மா நடுவில் உட்கார்ந்து, கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். கையை ஊன்றினால் பூஜ்யம். பெண்களில் 60 முதல் 64 வயதுக்கு 12-க்குக் கீழே, 65 முதல் 69-க்கு 11-க்குக் கீழே, 70 முதல் 79-க்கு 10-க்குக் கீழே வந்தால் குறைவு. ஆண்களுக்கு 60 முதல் 64-க்கு 14, 65 முதல் 74-க்கு 12, 75 முதல் 79-க்கு 11 என்று வைத்துக்கொள்ளலாம். குறைவாக வந்தால் கீழே விழும் ஆபத்தும் கூடுதல் என்று பொருள்.

இரண்டாவது, அம்மாவைத் தரையிலோ கட்டிலிலோ காலை நீட்டிப் படுக்கச் சொல்லி, முட்டிக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு காலையும் ஒப்பிடுங்கள். வலிக்கிற காலின் கீழே உள்ளங்கை தாராளமாக நுழைந்து, மற்ற காலில் நுழையவில்லை என்றால், அந்தக் கால் முழுதாக நீளவில்லை. முழுதாக நீளாத முழங்காலோடு நிற்பது நாள் முழுக்கப் பாதி குந்திய நிலையில் நிற்பதற்குச் சமம். முன்தொடைத் தசைக்கு ஓய்வே கிடைக்காது. மடக்குவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள், நீட்டுவதை யாரும் பார்ப்பதில்லை.

இதற்குப் பெரிய காரணம் ஒரு தலையணை. முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்தால் வலி குறையும், ஏனென்றால் லேசாக மடங்கிய நிலையில்தான் மூட்டுக்குள் அழுத்தம் குறைவு. மாதக்கணக்கில் அப்படியே தூங்கினால் பின்பக்கத் தசையும் மூட்டின் உறையும் சுருங்கி, கால் அந்த நிலையிலேயே நின்றுவிடும். இன்று ராத்திரியே அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள். ஒருக்களித்துப் படுப்பவர் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே மெல்லிய தலையணை வைத்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை.

பயிற்சிகள்

நீட்டலில் தொடங்குங்கள். மல்லாந்து படுத்து, குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியின் கீழ் ஒன்றும் இல்லாமல் 5 நிமிடம் விடுங்கள். கால் தன் எடையிலேயே மெல்லக் கீழே இறங்கும். நாளைக்கு இரண்டு மூன்று தடவை. பின்பக்கம் இழுப்பது தெரியலாம். சுளீர் என்று குத்தக்கூடாது.

அடுத்து, தசையை எழுப்பும் பயிற்சி. துண்டை இப்போது முட்டிக்கு அடியில் வைத்து, அந்தத் துண்டைக் கட்டிலோடு நசுக்குவதுபோல முட்டியால் கீழே அழுத்தி, 5 விநாடி பிடித்து, விட வேண்டும். 10 தடவை, நாளைக்கு மூன்று வேளை. முட்டிச் சில்லுக்கு மேலே உட்பக்கமாக விரலை வைத்துப் பாருங்கள், தசை கல்லாக இறுக வேண்டும். இறுகாமல் புட்டம்தான் எழும்புகிறது என்றால் தவறான தசை வேலை செய்கிறது; நல்ல காலில் ஒருமுறை செய்து காட்டி, அந்த உணர்வை இந்தக் காலில் தேடச் சொல்லுங்கள். மூச்சைப் பிடிக்கக்கூடாது, பிரஷர் உள்ளவருக்கு அது முக்கியம். சத்தமாக ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னால் மூச்சு தானாக நடக்கும். இந்தப் பயிற்சிக்கு ஆயுள் இரண்டு, மூன்று வாரம்தான். வருடக்கணக்கில் இதையே செய்துகொண்டு "நான் தினமும் பயிற்சி செய்கிறேனே, வலி குறையவில்லையே" என்பவர்கள் ஏராளம். எடை கூடாத பயிற்சியால் தசை ஓரளவுக்கு மேல் வளராது.

பிறகு, நேராகக் காலைத் தூக்குவது. மல்லாந்து படுத்து, நல்ல காலை மடக்கிப் பாதத்தை ஊன்றுங்கள். இது இடுப்பைக் காப்பாற்றும். வலிக்கிற காலின் முட்டியை முதலில் நன்றாக இறுக்கி, அதன்பின் தூக்க வேண்டும். மடங்கியிருக்கும் மற்ற முட்டியின் உயரம் போதும். 5 விநாடி பிடித்து, மூன்று எண்ணி இறக்குங்கள். 10 தடவை, இரண்டு சுற்று. இங்கே நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியாது: கால் மேலே போகும், ஆனால் முட்டி லேசாக மடங்கியபடி போகும். அப்படித் தூக்கினால் இடுப்பின் முன்பக்கத் தசை வேலை செய்கிறது, தொடை செய்வதில்லை. முட்டி மடங்கத் தொடங்கும் எண்ணிக்கையோடு நிறுத்திவிடுங்கள், அது ஆறாக இருந்தாலும் சரி. 15 தடவை சுலபமாகிவிட்டால் கணுக்காலில் அரை கிலோ கட்டலாம். கடையில் வாங்கும் கட்டுதான் வேண்டும் என்றில்லை. அரை கிலோ உப்பைத் துணிப்பையில் போட்டு, நகராமல் கட்டினால் போதும். பிறகு ஒரு கிலோ. முதுகுவலி உள்ளவர் இதைத் தவிர்த்து, நாற்காலியில் உட்கார்ந்து முட்டியை நீட்டும் பயிற்சியை எடுத்துக்கொள்ளலாம்.

நாற்காலியில் இருந்து எழுவதுதான் இந்த எல்லாவற்றிலும் ராஜா. ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் என்றால் இதைச் செய்யுங்கள். நாற்காலியின் முன் பாதிக்கு நகர்ந்து உட்கார்ந்து, பாதங்களை இடுப்பு அகலத்தில், முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வையுங்கள். மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை உடம்பை முன்னால் சாய்த்து, குதிகாலால் தரையை அழுத்தி எழ வேண்டும். உட்காரும்போது மூன்று எண்ணி இறங்க வேண்டும். கடைசி நாலு விரல் உயரத்தில் தொப்பென்று விழுவதுதான் பொதுவான தவறு. அந்த இறக்கத்தில்தான் தசை அதிகம் கற்றுக்கொள்கிறது, அதை விட்டுவிட்டால் பயிற்சியில் பாதி போய்விட்டது.

முட்டி உள்ளே சாய்ந்து ஒன்றையொன்று தேடுவது அடுத்த தவறு. எதிரே கண்ணாடி வைத்து, முட்டிச் சில்லு இரண்டாவது கால்விரலுக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்கலாம். மூன்றாவது தவறு, வலிக்கிற காலை முன்னால் நீட்டி வைத்து எல்லா எடையையும் நல்ல காலில் போடுவது. உடம்பு இதைக் கள்ளத்தனமாகச் செய்யும், செய்பவருக்கே தெரியாது. பக்கத்தில் நின்று பார்ப்பவர் பாதங்கள் சமமாக இருக்கின்றனவா என்று மட்டும் கவனித்தால் போதும். எழவே கஷ்டம் என்றால் நாற்காலியின் மேல் கெட்டியான மெத்தை போட்டு உயர்த்துங்கள். 8 தடவை, மூன்று சுற்று, சுற்றுக்கு நடுவே ஒரு நிமிட ஓய்வு. வாரத்தில் மூன்று நாள். 12 சுலபமானதும் மெத்தையை எடுங்கள். அதுவும் சுலபமானால் மார்போடு இரண்டு கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொண்டு எழச் சொல்லுங்கள்.

இடுப்பை மறக்காதீர்கள். முட்டி உள்ளே சாய்வதைத் தடுப்பது இடுப்பின் பக்கத் தசை. நல்ல பக்கம் ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை நேராக, சற்றுப் பின்னால் தள்ளி, குதிகால் முதலில் போகிற மாதிரி ஒரு முழம் உயரம் தூக்கி இறக்குங்கள். கால்விரல் கூரையைப் பார்க்கத் திரும்பினால் தவறு. 10 தடவை, இரண்டு சுற்று, பிறகு அடுத்த பக்கம். மல்லாந்து படுத்து முட்டிகளை மடக்கி இடுப்பைத் தூக்கும் பயிற்சியையும் 10 தடவை சேர்த்துக்கொள்ளலாம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது கெண்டைக்காலுக்கு. 15 தடவை, பால் காயும் நேரத்தில் முடிந்துவிடும். அதே மேடையைப் பிடித்து, ஒரு பாதத்தின் குதிகாலை மற்றொன்றின் விரல்நுனியில் தொட்டு நேர்கோட்டில் 30 விநாடி நிற்பது தடுமாற்றத்தைக் குறைக்கும்.

படி ஏறும் பயிற்சி நான்காவது வாரத்துக்குப் பிறகு. வாசலில் உள்ள தாழ்ந்த படி, சுமார் 10 செ.மீ. உயரம், பக்கத்தில் சுவர் இருக்கட்டும். வலிக்கிற காலை மேலே வைத்து, பின்காலால் உந்தாமல் ஏறி, மெதுவாக அதே வழியில் இறங்க வேண்டும். 8 தடவை. இறங்குவதுதான் கடினம், அப்போது முட்டிச் சில்லுக்குப் பின்னால் விழும் அழுத்தம் சமதரை நடையைவிடப் பல மடங்கு. அதனால்தான் தேய்மானம் உள்ளவர்கள் எல்லோரும் முதலில் "இறங்கத்தான் முடியலை" என்கிறார்கள்.

எவ்வளவு வலி சரி

பெரும்பாலானோர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். வலி துளியும் வரக்கூடாது என்று நினைத்தால் பயிற்சி ஒருநாளும் நடக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால் மூன்றாம் நாள் முட்டி பந்து மாதிரி வீங்கும். பிசியோதெரபிஸ்டுகள் வைத்திருக்கும் கணக்கு எளிது. வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். 2 வரை தாராளம். 3 முதல் 5 வரை பரவாயில்லை, ஆனால் 24 மணி நேரத்துக்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிட வேண்டும். 5-ஐத் தாண்டினாலோ, மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தாலோ, பயிற்சியை நிறுத்த வேண்டாம், அளவைக் குறையுங்கள்: சுற்றுகளைப் பாதியாக்குங்கள், நாற்காலியை உயர்த்துங்கள், எடையை எடுங்கள். தொடையில் வரும் தசைவலி இந்தக் கணக்கில் சேராது, அது வேலை நடந்ததற்கான அடையாளம். இரண்டு நாளில் போய்விடும்.

கால அளவையும் சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரத்தில் வரும் முன்னேற்றம் நரம்பு தசையைச் சரியாக எழுப்பக் கற்றுக்கொண்டதால் வருவது. தசை பருக்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அம்மாவின் பத்து நாள் எங்கே போதும்? டென்மார்க்கில் 2013-ல் தொடங்கிய கிளாட் என்ற திட்டத்தில் நோயாளிக்கு முதலில் மூட்டைப் பற்றி விளக்கும் வகுப்பு, பிறகு வாரத்துக்கு இரண்டு வீதம் ஆறு வாரத்தில் 12 பயிற்சி வகுப்புகள். பல நாடுகள் இதைப் பின்பற்றுகின்றன. உங்கள் ஊரில் அப்படி ஒரு திட்டம் இல்லாவிட்டாலும் அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளலாம். மிகக் கனமான எடை தேவையில்லை என்பதும் தெரிந்ததே: 2021-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், கடும் பளுப் பயிற்சி, லேசான பளுப் பயிற்சியைவிட 18 மாத முடிவில் வலியைக் கூடுதலாகக் குறைக்கவில்லை. விடாமல் செய்வதுதான் கணக்கு.

வலி குறைந்ததும் நிறுத்திவிடுவது எல்லாத் தவறுகளிலும் பெரியது. மூன்று மாதம் கழித்து வாரம் மூன்று நாளை இரண்டாகக் குறைக்கலாம், பூஜ்யமாக்கக் கூடாது. இன்னொன்று, "நான்தான் தினமும் வாக்கிங் போகிறேனே" என்பது. சமதரை நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, முழங்காலுக்கும் நல்லது. ஆனால் அது முன்தொடைத் தசையை வளர்க்கப் போதாது. இரண்டும் வேண்டும்.

வீட்டுக்குள்ளே

மாடிப்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், கை கைப்பிடியில். வலி கடுமையாக இருக்கும் நாட்களுக்கு இது. தேறிவிட்டால் மாற்றி மாற்றிக் கால் வைத்தே ஏறட்டும்.

ஊன்றுகோலைப் பலர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். வலது முட்டி வலித்தால் கோல் இடது கையில் இருக்க வேண்டும். வலது காலும் கோலும் சேர்ந்து முன்னே போகும். உயரம், நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரை. கோல் பிடிப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கும் அம்மாக்களுக்கு, நாலு வாரத்துக்கு மட்டும் என்று சொல்லிப் பாருங்கள்.

தரையில் உட்காரவே கூடாது என்று ஒரேயடியாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சம்மணமும் குந்துவதும் மூட்டை அதன் முழு வீச்சுக்கு மடக்குகின்றன. வாழ்நாள் முழுக்கச் செய்து வந்த உடம்பு அதைத் திடீரென்று விட்டால், கீழே விழுந்தால் எழக்கூடத் தெரியாமல் போய்விடும். வீக்கமும் வலியும் இருக்கும் வாரங்களில் தவிர்க்கலாம்: வெஸ்டர்ன் டாய்லெட், உயரமான நாற்காலி, மேடையில் வைத்துக் காய் நறுக்குவது. அடங்கியபின் முறையாகத் திரும்பப் பழக்குங்கள். எழும்போது ஒரு கட்டிலையோ நாற்காலியையோ பிடித்து, வலிக்கிற முட்டியைத் தலையணையில் ஊன்றி, நல்ல காலின் பாதத்தை முன்னால் வைத்து, கையாலும் நல்ல காலாலும் அழுத்தி எழ வேண்டும். கோலத்துக்காகவும் களை எடுக்கவும் குந்துபவர்கள் அரை மணி நேரம் ஒரே மூச்சாகக் குந்தாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடப்பது நல்லது. குந்துவதைவிட, குந்தியபடியே நகராமல் இருப்பதுதான் அதிகம் வலிக்க வைக்கிறது.

காலையில் மூட்டு இறுகியிருந்தால் 15 நிமிடம் வெந்நீர் ஒத்தடம். முட்டி சூடாக வீங்கியிருந்தால் துணியில் சுற்றிய ஐஸ், அதுவும் 15 நிமிடம்தான். சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவர் ஒத்தடச் சூட்டைக் கையால் சோதித்துவிட்டே வைக்க வேண்டும், தெரியாமலே வெந்துவிடும். எண்ணெய் தேய்த்துக்கொள்வதால் கெடுதல் இல்லை; எண்ணெய் தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்கும் என்று விற்பவரிடம் காசு கொடுக்க வேண்டாம். நீ கேப் என்கிற முட்டி உறையை வெளியே போகும்போது நம்பிக்கைக்குப் போட்டுக்கொள்ளலாம், படுக்கும்போது கழற்றிவிட வேண்டும்.

கிரிவலமும் எடையும்

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கி.மீ. ஏறக்குறைய இருபதாயிரம் அடிகள், பெரும்பாலும் வெறுங்காலில், தார் ரோட்டில். நாளைக்கு இரண்டாயிரம் அடி நடப்பவர் பௌர்ணமியன்று பத்து மடங்கு நடந்தால் முட்டி வீங்காமல் என்ன செய்யும்? போகக்கூடாது என்பதல்ல, பழக்கிக்கொண்டு போக வேண்டும். பத்து வாரம் முன்பே தொடங்குங்கள். தினசரி நடையோடு, வாரத்தில் ஒருநாள் மட்டும் நீண்ட நடை: 3 கி.மீ.யில் ஆரம்பித்து வாரம் ஒரு கிலோமீட்டர் அளவுக்குக் கூட்டி, 10, 11 கி.மீ. வரை போனால் போதும். கடைசி வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள். வெறுங்கால் வேண்டுதல் என்றால் பயிற்சியிலும் கடைசி அரை கிலோமீட்டரை வெறுங்காலில் நடந்து பழகுவது நல்லது. சர்க்கரை உள்ளவர் மட்டும் வெறுங்கால் நடையைத் தவிர்க்க வேண்டும். அன்று 3 கி.மீ.க்கு ஒருமுறை உட்கார்ந்து காலை நீட்டி மடக்குங்கள். மலைக்கோவில்களுக்கும் இதே கணக்கு. ஏறுவதைப் படியிலும், இறங்குவதை வண்டியிலோ விஞ்சிலோ வைத்துக்கொண்டால் முட்டி நன்றி சொல்லும்.

எடையின் கணக்கு பலருக்குத் தெரியாது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. அம்மா 5 கிலோ குறைத்தால் அடிக்கு 20 கிலோ. நாளைக்கு 4,000 அடி என்றால் ஒரு முழங்காலுக்கு 2,000. பெருக்கினால் ஒரு நாளில் 40,000 கிலோ. உணவுக் கட்டுப்பாட்டையும் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களுக்குத் தனித்தனியாகச் செய்தவர்களைவிட வலி நன்றாகக் குறைந்ததை 2013-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு 18 மாதம் பின்தொடர்ந்து காட்டியது. ஆனால் பட்டினி கிடந்து குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும். சோற்றைக் குறைத்து, முட்டை, பருப்பு, சுண்டல், மீன், தயிர் என்று புரதத்தை மூன்று வேளைக்கும் பிரித்து வையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு.

ஊசி, மருந்து, ஆபரேஷன்

வலி பயிற்சிக்கே இடம் கொடுக்கவில்லை என்றால் டிக்ளோஃபெனாக் போன்ற களிம்பை முதலில் பயன்படுத்தலாம். வயிற்றையும் சிறுநீரகத்தையும் மாத்திரை அளவுக்குப் பாதிக்காது. வலி மாத்திரையை மெடிக்கலில் தானாக வாங்கி மாதக்கணக்கில் போடுவது, குறிப்பாகப் பிரஷர், சர்க்கரை உள்ளவருக்கு, முட்டியைவிடப் பெரிய சங்கடத்தில் கொண்டுபோய் விடும். குருத்தெலும்புக்கு நல்லது என்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரைக்குச் செலவழிக்கும் பணத்துக்கு ஒரு நல்ல பிசியோதெரபிஸ்டிடம் நாலு தடவை போய் வரலாம்.

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நிம்மதி தரும், பயிற்சியைத் தொடங்க அந்த இடைவெளி உதவும். திரும்பத் திரும்பப் போடுவது வேறு கதை: மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீதம் இரண்டு வருடம் போட்டவர்களுக்கு, மருந்தில்லாத வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகம் குறைந்திருந்தது, வலியில் வித்தியாசம் இல்லை. இது 2017-ல் வெளியான முடிவு. 2020-ல் 156 பேரை வைத்துச் செய்த மற்றோர் ஆய்வில், பிசியோதெரபி எடுத்தவர்கள் ஊசி போட்டவர்களைவிட ஒரு வருட முடிவில் நன்றாக இருந்தார்கள். தேய்மானத்துக்காகச் சிறு துளை போட்டு மூட்டைக் கழுவி விடுவதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஹூஸ்டனில் தோலை மட்டும் கீறித் தைத்து, உள்ளே ஒன்றும் செய்யாமல் விட்டவர்களும் கழுவப்பட்டவர்களும் ஒரே அளவில்தான் இருந்தார்கள் என்று 2002-லேயே தெரிந்துவிட்டது.

மூட்டு மாற்று அறுவை நல்ல சிகிச்சைதான், சரியான நேரத்தில். மூன்று முதல் ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து, எடையும் குறைத்து, அதன் பிறகும் ராத்திரித் தூக்கம் கெடுகிறது, வீட்டுக்குள்ளேயே நடமாட முடியவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் பேசுங்கள். அந்தப் பயிற்சி வீணாகாது. பலமான தொடையோடு ஆபரேஷன் மேஜையில் ஏறுபவர் சீக்கிரம் எழுந்து நடக்கிறார்.

சில அறிகுறிகளுக்குப் பயிற்சி பதில் இல்லை, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்: காய்ச்சலோடு முட்டி சிவந்து கொதிப்பது, விழுந்தபின் காலை ஊன்றவே முடியாமல் போவது, மடங்கிய முட்டி பூட்டிக்கொண்டு நீட்ட வராதது, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலிப்பது. காலையில் கைவிரல்களும் சேர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால் அது வேறு வகை மூட்டுவாதமாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை தேவை.

புதிதாகப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் முதல் நாளில் அம்மாவை நடக்கவிட்டுப் பார்க்கிறாரா, இடுப்பையும் கணுக்காலையும் சோதிக்கிறாரா, இரண்டு தொடைகளின் பலத்தை ஒப்பிடுகிறாரா, வீட்டில் செய்ய எழுதிக் கொடுக்கிறாரா என்று கவனியுங்கள். நேராகப் படுக்க வைத்து மெஷினை மாட்டினால் அங்கே மறுபடி போக வேண்டாம்.

ஆறு வாரம் கழித்து அதே நாற்காலியில் 30 விநாடி மறுபடி எண்ணுங்கள். இரண்டு கூடியிருந்தால் நிஜமான முன்னேற்றம், எடையைச் சற்றுக் கூட்டலாம். கூடவே இல்லை என்றால் நோட்டைப் புரட்டி எத்தனை நாள் விடுபட்டது என்று பாருங்கள். விடுபடாமல் செய்தும் கூடவில்லை என்றால் அந்த நோட்டோடு அம்மாவை அழைத்துக்கொண்டு பிசியோதெரபிஸ்டிடம் போய், எழுந்து உட்காருவதை அவர் கண்முன்னே செய்து காட்டச் சொல்லுங்கள்.